நான் பெயர் சொல்லாத துணைவேந்தர்

என் வாழ்க்கையில் இரண்டு பேரின் பெயரை நான் வாய்திறந்து சொன்னதில்லை. ஒருவர் என் கணவர். மற்றவர், நான் வேலை செய்யும் பல்கலைக்கழகத்தில் சில காலம் துணைவேந்தராக இருந்த ஒரு கறுப்பினப் பெண்மணி.

கணவர் விஷயத்தை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து "இஞ்சருங்கோ"தான். லண்டனுக்கு வந்து இவ்வளவு காலமான பிறகும், குடும்ப வைத்தியரிடம் போகும்போது வரவேற்பு மேசையில் இருக்கும் பிள்ளை "கணவரின் பெயர்?" என்று கேட்டால் எனக்குச் சொல்ல வராது. கைப்பையைக் கிளறி அவருடைய பழைய பஸ் பாஸை எடுத்து நீட்டுவேன். அந்தப் பிள்ளை என்னை மேலும் கீழும் பார்க்கும். பார்த்துவிட்டுப் போகட்டும்.

மற்றவர் விஷயத்துக்குத்தான் விளக்கம் வேண்டும்.

நான் துணைவேந்தரின் அலுவலகத்தில் செயலாளர். கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம். அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் எல்லாரும் பெயர்தான். நேற்று வேலைக்கு வந்தவரும் துணைவேந்தரைப் பெயர் சொல்லி "ஹாய்" என்பார், துணைவேந்தரும் பல்லைக் காட்டுவார். இதைச் சமத்துவம் என்று சொல்லிக்கொள்வார்கள். அதைச் சம்பளத்திலும் கொஞ்சம் காட்டலாமே என்று எனக்குத் தோன்றும், ஆனால் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட நா எழவில்லை. அதற்காகச் "சேர்" என்று குழையவும் மனம் வரவில்லை. ஆகவே முந்திய துணைவேந்தர்களை, முதுகுக்குப் பின்னால் பெயர் சொன்னாலும், முகம் பார்த்து எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரே முன்னால் போய் நின்று "எக்ஸ்கியூஸ் மீ" என்பேன். அப்படியே காலத்தை ஓட்டினேன்.

என் பெயரும் கொஞ்சம் நீளம். அதை முன்னும் பின்னும் வெட்டி, நாய்க்குட்டிக்கு வைப்பது போல ஒரு சின்னப் பெயரை எனக்கு வைத்துவிட்டார்கள். நானும் விட்டுவிட்டேன். எத்தனை பேரோடு சண்டை பிடிப்பது?

அப்போதுதான் அவர் வந்தார். அமெரிக்காவின் தெற்குப் பக்கத்தைச் சேர்ந்தவர். மற்றப் பல்கலைக்கழகங்கள் கறுப்பின மக்களை வாசலோடு திருப்பி அனுப்பிய காலத்தில், அவர்களுக்கென்றே அங்கே சில கல்லூரிகள் எழும்பின. அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள் படித்த இடங்கள் அவை. இன்றும் நடக்கின்றன. அப்படியான ஒன்றில்தான் அவர் படித்தார், பிறகு கலாநிதிப் பட்டம் எடுத்து அங்கேயே இரசாயனம் படிப்பித்தார், பீடாதிபதியானார். அந்த இடத்தை இழுத்து மூடப் போகிறார்கள் என்று எல்லாரும் கைவிட்ட நேரத்தில் அதன் தலைவராகி, திரும்பவும் தலைநிமிர வைத்தார். மகள் லண்டனில் கலியாணம் கட்டி ஒரு பேரப்பிள்ளையும் பிறந்துவிட, எங்கள் பல்கலைக்கழகம் அழைத்ததும் இங்கே வந்துவிட்டார்.

முதல் நாள் அவர் அறைக்குள் நுழைந்தபோது நான் எழுந்து நின்றேன். வேறு யாரும் எழவில்லை. ரீச்சர் வகுப்புக்குள் வந்தால் எழும்பிப் பழகிய கால்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதே கால்கள் முந்திய துணைவேந்தர்களுக்கு எழும்பவில்லையே. கட்டையான உருவம், இறுக்கிப் பின்னிய நரைத்த தலைமயிர், மைக் தேவைப்படாத குரல். நேரே என்னிடம் வந்து பெயரைக் கேட்டார். நான் வெட்டின பெயரைச் சொன்னேன்.

"கதவில் வேறு ஏதோ எழுதியிருக்கிறதே," என்றார். "முழுவதையும் சொல்லுங்கள்."

சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். பிழை. இன்னொரு தரம் சொன்னார். சரியாக வரும்வரை என்னை இருக்க விடவில்லை. வந்ததும் அதற்கு முன்னால் ஒரு "மிசிஸ்" போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கடைசி நாள்வரை அவருக்கு நான் முழு நீளத்தில்தான்.

ஆரம்பத்தில் எனக்கு எரிச்சல். மற்றவர்களோடு பெயர் சொல்லிச் சிரித்துப் பேசுகிறவர், என்னை மட்டும் மிசிஸ் என்று தள்ளி வைக்கிறாரோ என்று நினைத்தேன். நீங்கள் மிசிஸ் என்றால் நான் டொக்டர் என்பேன் என்று நானும் "டொக்டர்" என்றே கூப்பிட்டேன். அந்தச் சொல் தடங்கலில்லாமல் வந்தது.

பிறகுதான் கவனித்தேன். கூட்டித் துடைக்கிற கானா நாட்டு மனிதரை அவர் மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். வாசலில் நிற்கும் காவலாளியும் அப்படியே. பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டவர்களுக்குத்தான் வெறும் பெயர். படிப்புத் தொடங்கும் வாரத்தில் காலையிலேயே வந்து வாசலில் நின்று, உள்ளே வரும் பிள்ளைகளுக்கெல்லாம் கை கொடுப்பார். கூட வரும் தாய்மாருக்கு மிசிஸ், தகப்பன்மாருக்கு மிஸ்டர். பெரிய பெரிய பேராசிரியர்கள் இது என்ன கலியாண வீடா என்று மூக்கைச் சுழித்தார்கள்.

ஒருநாள் மத்தியானத் தேநீர் நேரம், அவரே கேட்டார். "இந்தக் கட்டடத்தில் நீங்கள் ஒருவர்தான் என்னை டொக்டர் என்கிறீர்கள். ஏன்?"

பெரியவர்களை, மதிப்பானவர்களை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்றேன். பேச்சோடு பேச்சாகக் கணவரின் கதையும் பஸ் பாஸ் கதையும் வந்துவிட்டன. மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு சிரிப்பு அடங்கி, கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் தாயாரின் கதையைச் சொன்னார்.

அவருடைய தாயார் வெள்ளைக்காரர் வீடுகளில் துணி தோய்த்தவர். அந்த வீடுகளில் தவழ்கிற பிள்ளைகூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுமாம். அவர் மட்டும் அந்தப் பிள்ளைக்கு "மிஸ்" போட வேண்டும். கடைக்காரன், தபால்காரன், வைத்தியர், எல்லாருக்கும் அவர் வெறும் பெயர். மகள் பட்டம் வாங்கிய அன்று அந்தக் கல்லூரியின் தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்து, தாயாரின் கையைப் பிடித்து, "மிசிஸ்" என்று முழுப்பெயர் சொல்லி, உங்கள் மகளால் எங்களுக்குப் பெருமை என்றாராம்.

"அம்மா அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்தார்," என்றார். "என் பட்டத்தைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. அந்த மிசிஸைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்."

அவர்கள் கல்லூரியில் டொக்டர், மிசிஸ் என்ற பட்டங்களை யாரும் விட்டுக்கொடுப்பதில்லையாம். வெளியே கிடைக்காத மரியாதையை உள்ளே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். லண்டனில் அதைக் கேட்டால் தலைக்கனம் என்பார்கள் என்று அவர் கேட்காமல் இருந்திருக்கிறார். நான் கேட்காமலே கொடுத்திருக்கிறேன். எனக்கு அன்று வேலை ஓடவில்லை. என்னைத் தள்ளி வைக்கிறார் என்றல்லவா நான் கறுவிக்கொண்டு திரிந்தேன்.

இனி அவரின் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் மாலைப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பகலில் வேலை செய்கிறவர்கள் பின்னேரம் ஆறு மணிக்கு வந்து படிக்கிற இடம். பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்யும் பெண்கள், பஸ் சாரதிகள், கடைக் கல்லாவில் நிற்பவர்கள். நைஜீரியா, வங்காளதேசம், எங்கள் யாழ்ப்பாணம், மன்னார் என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் வருவார்கள். என் கணவர் பெற்றோல் ஸ்ரேசனில் ஷிப்ட் முடித்து, கையில் எண்ணெய் மணத்தோடு போய்ப் படித்தது அங்கேதான். இன்று ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறார். அவர் தலைநிமிர்ந்து நடந்த நாளை நான் கண்ணால் பார்த்தவள்.

அந்தப் பிரிவை மூட வேண்டும் என்பது நிர்வாக சபையின் எண்ணம். அந்தக் கட்டடத்துக்கு வேறு திட்டம் வைத்திருந்தார்கள். இதைச் செய்வதற்கென்றேதான் டொக்டரைக் கூப்பிட்டார்கள் என்று எனக்குப் பின்னால்தான் விளங்கியது. ஒரு கறுப்பினப் பெண்மணி மூடினால் யாரும் வாய்திறக்க மாட்டார்கள் என்று எங்கோ ஓர் அறையில் யாரோ கெட்டித்தனமாக யோசித்திருக்கிறார்கள். மூடினால் அவருடைய பதவிக்காலம் நீளும். மூடாவிட்டால் வேறு ஆளைத் தேடுவார்கள். அவரோ எந்தப் பதிலும் சொல்லாமல் தவணை கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் வீட்டில் வந்து புலம்பினேன். "உம்மட டொக்டர் என்ன சொல்லுறா?" என்று கணவர் கேட்டார்.

"ஒண்டும் சொல்லேல்ல. சிரிச்சுக்கொண்டு திரியிறா."

"அப்ப மூடமாட்டா. மூடுற ஆக்கள் முதலே கவலைப்படுறமாதிரி முகத்தை வச்சிருப்பினம்," என்றார். மனிதர் சில நேரம் சரியாகவே சொல்வார்.

அந்த நாட்களில்தான் எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா வந்தது. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிற பள்ளி. அதன் தலைவர், ஈஸ்ட் ஹாமில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்காளர் அண்ணை ஒருவர், பிரதம விருந்தினராக எங்கள் துணைவேந்தரைப் பிடித்துத் தரச் சொல்லி என்னை நச்சரித்தார். கேட்டேன். டொக்டர் உடனே ஓமென்று சம்மதித்தார்.

அழைப்பிதழில் நாலு மணி என்று போட்டிருந்தது. நாலு மணி என்றால் ஐந்தரை என்பது எங்கள் ஆட்களுக்குப் பிறக்கும்போதே தெரியும். டொக்டருக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை, அவ்வளவு இயல்பான விஷயம் அது. நான் சேலை உடுத்து, பூ வைத்து, ஐந்து மணிக்கு மண்டபத்துக்குள் நுழைகிறேன், பிரதம விருந்தினர் கதிரை தூக்கிக்கொண்டிருக்கிறார்.

தேவாலயத்துக்குப் போகிற நீலச் சட்டையும் தொப்பியும் போட்டு, நாலுக்கு முன்பே வந்துவிட்டாராம். மண்டபத்தில் ஒரு குருவியும் இல்லை. அடுக்கி வைத்திருந்த கதிரைகளைக் கண்டு, சும்மா நிற்பானேன் என்று வரிசையாகப் போடத் தொடங்கியிருக்கிறார். பிறகு ஒலிபெருக்கிப் பெட்டிகளோடு வந்த தலைவர் அண்ணை, கறுப்பினப் பெண்மணி கதிரை போடுவதைக் கண்டு, மண்டபத்து வேலையாள் என்று முடிவுகட்டிவிட்டார். இந்தப் பக்கம் இன்னும் இரண்டு வரிசை போடுங்கோ, கழிவறையில் பேப்பர் இல்லை, அதையும் பாருங்கோ என்று ஆங்கிலத்தில் வேலை ஏவிக்கொண்டிருக்கிறார்.

எனக்குக் கோபம் தலைக்கு மேலே ஏறிவிட்டது.

"அண்ணை, உவ ஆரெண்டு தெரியுமோ?"

"இந்த ஹோலைப் பாக்கிற ஆள்தானே, பிள்ளை?"

"உவதான் உங்கட பிரதம விருந்தினர்."

நான் விடவில்லை. "கறுப்பெண்டால் உங்களுக்குக் கதிரை தூக்கிற ஆள்தானோ? எங்களைப் பாத்து வெள்ளைக்காரன் அப்பிடி நினைச்சால் மட்டும் கொதிக்குது, என்ன?"

சத்தம் போட்டுத்தான் கேட்டேன். மண்டபத்தில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கறுப்பின மக்களைப் பற்றி எங்கள் வீடுகளுக்குள் புழங்கும் சொல்லை நான் இங்கே எழுத மாட்டேன். அது எல்லாருக்கும் தெரியும். தலைவர் அண்ணை ஒருவரின் குற்றமில்லை அது, அதனால்தான் எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

டொக்டர் கதிரையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். தமிழ் விளங்காவிட்டாலும் விஷயம் விளங்கிவிட்டது. "மிசிஸ்" என்று என் முழுப்பெயரைச் சொன்னார். "கதிரை போட எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தேவாலயத்தில் போட்டு வளர்ந்தவள். கழிவறைப் பேப்பர் எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை." பிறகு தலைவர் அண்ணையின் பக்கம் திரும்பிக் கையை நீட்டி, அவர் பெயரைக் கேட்டு, முன்னால் மிஸ்டர் போட்டுச் சொன்னார். அந்த மனிதர் நீட்டிய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஆறு மணிக்கு ஒருவாறு விழா தொடங்கியது. மங்கள விளக்கு ஏற்றி, மௌன அஞ்சலி முடிந்து, பிரதம விருந்தினருக்கு மாலையும் பொன்னாடையும் போட்டார்கள். பிறகு தலைவர் அண்ணை அவரை அறிமுகம் செய்ய மைக்கைப் பிடித்தார். குற்ற உணர்ச்சி உள்ள தமிழனின் கையில் மைக் கிடைத்தால் எப்படி இருக்கும் என்பதை அன்று பார்த்தேன். கலாநிதி, பேராசிரியர், துணைவேந்தர், முன்னாள் தலைவர், கல்விக் கடல், அறிவுச் சுடர், பண்பின் சிகரம். ஒவ்வொன்றையும் தமிழில் முழங்கி, பிறகு ஆங்கிலத்திலும் சொல்ல முயன்றார். அறிவுச் சுடருக்கு ஆங்கிலம் வராமல் கொஞ்சம் தடுமாறினார். பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

பக்கத்தில் டொக்டர் பொன்னாடை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

"உங்கள் பட்டங்களைச் சொல்கிறார்."

"எல்லாவற்றையுமா?"

"இல்லாததையும் சேர்த்துத்தான். போதும் என்று சொல்லட்டா?"

"வேண்டாம்," என்றார். "நிறுத்தச் சொல்லாதீர்கள்."

பிரதம விருந்தினர்கள் தங்கள் பேச்சு முடிந்ததும் அவசர வேலை என்று நழுவுவதுதான் வழக்கம். இவர் நன்றியுரை முடியும்வரை இருந்தார். எங்கள் நன்றியுரையில் மண்டபம் தந்தவரிலிருந்து கடலை அவித்தவர்வரை எல்லாரும் வருவார்கள். அதைக் கேட்டு, தங்கள் தேவாலயத்திலும் இப்படியேதான், ஒருவரை விட்டாலும் அடுத்த ஞாயிறு சண்டை வரும் என்றார். பிறகு தாய்மார் வீட்டிலிருந்து செய்து கொண்டுவந்த ரோல்ஸும் பற்றிஸும் கடலையும் சாப்பிட்டார். ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ யோசித்தார்.

"என் பழைய கல்லூரியில் ஒரு முறை இருந்தது," என்றார். "சபைக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் முதலில் மாணவர் சாப்பாட்டு மண்டபத்தில் வரிசையில் நின்று, தட்டை வாங்கி, பிள்ளைகளோடு இருந்து சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் கூட்டம். மூடுவதா என்று கேட்க வந்த ஆட்கள் எல்லாரையும் நான் அப்படித்தான் சாப்பிட வைத்தேன்."

மறுவாரம் எனக்கு ஒரு வேலை தந்தார். நிர்வாக சபையின் கூட்டம் வழக்கமாகக் காலையில், மூன்றாம் மாடியில், பிஸ்கட்டோடு நடக்கும். அதைப் பின்னேரத்துக்கு மாற்றி, மாலைப் பிரிவுக் கட்டடத்தின் கீழ்த் தளத்தில் வைக்கச் சொன்னார். முதலில் சாப்பாடு, மாணவர்களோடு. அப்டன் பார்க் கிரீன் ஸ்ட்ரீட்டில் எனக்குத் தெரிந்த தமிழ்க் கடையில் ரோல்ஸும் வடையும் சொன்னேன். மாணவிகள் தாங்களாகவே தக்காளிச் சோறும் பொரித்த வாழைப்பழமும் கொண்டுவந்தார்கள்.

சபை உறுப்பினர்கள் கோட்டும் சூட்டுமாக வந்து, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே இருப்பது என்று தெரியாமல் நின்றார்கள். சபைத் தலைவரை, பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்யும் ஒரு நைஜீரிய அம்மா கையைப் பிடித்து இருத்தி, தட்டைப் பார்த்து இது என்ன கோழிக்கு வைத்ததா என்று கேட்டு இன்னும் இரண்டு கரண்டி சோறு வைத்தார். பக்கத்திலிருந்த எங்கள் ஊர்ப் பொம்பிளை ஒருவர் ரோல்ஸை வைத்தார். அவர்கள் கட்டடத்தைப் பற்றியும் மூடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்தவரைக் கவனிப்பது போலக் கவனித்தார்கள்.

ஆறு அடிக்கச் சற்று முன்பு மாணவர்கள் எல்லாரும் ஒரேயடியாக எழுந்தார்கள். தட்டுகளை அடுக்கினார்கள், மேசையைத் துடைத்தார்கள், பைகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியேறினார்கள். கொஞ்ச நேரத்தில் மண்டபத்தில் சபை உறுப்பினர்கள் மட்டும்தான். மேலே கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. சபைத் தலைவர் கையிலிருந்த வடையைப் பார்த்தபடி இருந்தார்.

கூட்டம் அங்கேயே தொடங்கியது. குறிப்பெடுப்பது என் வேலை, குறிப்பெடுப்பவர் வாய்திறக்கக் கூடாது. டொக்டர் எழுந்தார். எப்போதும் போல நீண்ட பேச்சு வரும் என்று பார்த்தால், கொஞ்சம்தான் பேசினார்.

"இந்தப் பிரிவை மூடத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். என் கல்லூரியை மூட வந்தவர்களோடு காலமெல்லாம் இருந்தவள் நான். மூடுவது எப்படி என்று எனக்குத் தெரியும். நான் மூட மாட்டேன். மூட ஆள் வேண்டுமென்றால் என்னை அனுப்பிவிட்டு வேறொருவரைத் தேடுங்கள். ஆனால் அந்த ஆள் வரும்போது, இன்று உங்களோடு சாப்பிட்டவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்."

சபைத் தலைவர் தொண்டையைச் செருமி, அவரைப் பெயர் சொல்லி விளித்து, நன்றி, நாங்கள் பேசி முடிவெடுக்கும்வரை வெளியே இருக்க முடியுமா என்றார். வெறும் பெயர். அவ்வளவு பேச்சுக்கும் பிறகு, வீட்டு வேலையாளை அடுப்படிக்கு அனுப்புவது போல.

டொக்டர் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். நான் எழுந்து நின்றேன். யோசித்துச் செய்யவில்லை. மடிக்கணினி மடியிலிருந்து சரிந்து நிலத்தில் விழுந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு சபையில் மாணவர் பிரதிநிதியாக இருந்த மாலைப் பிரிவுப் பெண் எழுந்தார். அதற்குப் பிறகு இன்னும் சிலர். கிழட்டு உறுப்பினர் ஒருவர் பாதி எழுந்து, கோட்டைச் சரிசெய்வது போலப் பாவனை செய்து, கடைசியில் முழுக்க எழுந்துவிட்டார். சபைத் தலைவர் எழவில்லை. டொக்டர் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் கதவருகே அவரின் நடை ஒரு கணம் நின்றதை நான் கண்டேன்.

மாலைப் பிரிவு தப்பியது. கைகள் உயர்ந்தபோது நூலிழையில்தான் தப்பியது. சில நாள் கழித்து டொக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, பதவிக்காலம் நீட்டப்படாது என்று சொன்னார்கள். வேறு விதமான தலைமை தேவைப்படுகிறதாம். நான் அவரிடம் போய்ப் புலம்பினேன். அவரோ, பதவி, மாலைப் பிரிவு இரண்டும் கிடைக்கும் என்று நான் நினைக்கவேயில்லை, கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது என்றார்.

கடைசி நாள் மூன்றாம் மாடியில் கேக் வெட்டினார்கள். எல்லாரும் பெயர் சொல்லிச் சொல்லிப் புகழ்ந்தார்கள். முடிந்ததும் நானும் அவருமாகப் பைகளைத் தூக்கிக்கொண்டு மாலைப் பிரிவுப் பக்க வாசலால் இறங்கினோம். ஆறு மணி வகுப்புக்காரர் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். அன்று அவரின் கடைசி நாள் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. எதிரே வந்த ஒவ்வொருவரும் வழக்கம் போல, "குட் ஈவினிங், டொக்டர்" என்றார்கள். ஊரில் படித்தவரை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படி. அவரும் மிஸ்டர், மிசிஸ் என்று ஒருவரையும் விடாமல் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். வாசலைத் தாண்டியதும்தான் அழுதார்.

பஸ் தரிப்பில் என் பக்கம் திரும்பினார். "இனி நான் உங்கள் மேலதிகாரி இல்லை. ஒருமுறை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், பார்ப்போம்."

உண்மையாகவே முயன்றேன். வாயைத் திறந்தேன். முதல் எழுத்துவரை வந்தது.

"ஏலாது, டொக்டர்," என்றேன். தமிழில்தான் வந்தது. அவர் என்னைக் கட்டிக்கொண்டு, என் முழுப்பெயரை மிசிஸோடு, பிழையில்லாமல், காதோரம் சொன்னார்.

இதை எழுதும்போது கணவர் பின்னால் நின்று வாசித்துவிட்டு, "அவவின்ர பேரைப் போடுமன், ஆக்களுக்குத் தெரியட்டும்," என்றார்.

"அப்ப உங்கட பேரையும் போடட்டோ?" என்றேன். போய்விட்டார்.

மாலைப் பிரிவு இன்றும் ஆறு மணிக்குத் திறக்கிறது. புதிய துணைவேந்தர் நல்ல உயரம், நல்ல சிரிப்பு. முதல் நாளே எங்களைக் கூப்பிட்டு, தன்னைப் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் என்றார். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். நாக்கு ஒரு இடத்திலும் தடக்கவில்லை.